அளவு மீறாத அழிவு

சட்டத்தை மீறி மீன் பிடிப்பவனைக் குற்றவாளி என்று கூற எவரும் தயங்குவதில்லை. தடுக்கப்பட்ட வலையை இட்டவனும், வெடி வீசியவனும், பிறர் கடலுட் புகுந்து அள்ளியவனும் கண்டனத்துக்குரியவர்களே. அவர்கள்மீது விரல் நீட்டுவது எளிது. ஆனால், சட்டம் வகுத்த எல்லைக்குள் நின்று, அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கென ஒதுக்கப்பட்ட பங்கைக் கடைசி இறாத்தல் வரை அள்ளிச் செல்பவனைப் பற்றி யாது கூறுவது? அவன் எக்கட்டளையையும் மீறவில்லை. எந்த நீதிமன்றமும் அவனைத் தண்டிக்காது. அவன் அள்ளிய பின்னர் கடல் வெறுமையாகிவிடுமாயின் அந்த வெறுமைக்குப் பொறுப்பாளி யார்? அளவை விதித்த அரசாங்கமா, கணக்கிட்டுக் கொடுத்த விஞ்ஞானியா, அல்லது விதித்த அளவு முழுவதையும் எடுப்பதே தனது உரிமை என்று கருதிய தொழிலாளியா?

இது பொழுதுபோக்காகத் தொடுக்கும் வினாவன்று. ஒரு நாடு தன் மக்களில் முப்பதினாயிரம் பேரின் தொழிலை விலையாகக் கொடுத்து இதற்கு விடை கண்டிருக்கின்றது. அந்த நாடு, எம்மவர் பெருந்தொகையினராய்க் குடியேறி வாழும் கனடா.

கனடாவின் கீழ்க்கரையிலே நியூபவுண்ட்லாந்து என்ற தீவு இருக்கின்றது. அதன் கடல் 'கொட்' என்னும் மீனுக்குப் பேர்பெற்றது. 1497ஆம் ஆண்டில் யோன் கபட் என்பார் அக்கடலைக் கண்டு திரும்பிய காலந்தொட்டு, போர்த்துக்கேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆண்டுதோறும் கப்பல் ஓட்டிச் சென்று அம்மீனைப் பிடித்து, உப்பிட்டு உலர்த்தி, ஐரோப்பாவுக்கு உணவாக அனுப்பி வந்தனர். தூண்டிலும், கரையோரத்துப் பொறிவலையும், சிறு வள்ளமும் கொண்டு நடந்த அத்தொழிலை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கடல் தாங்கிற்று. 1950களின் நடுப்பகுதியிலேதான் நிலைமை மாறியது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டிக் குளிரூட்டும் வசதி கொண்ட பெரும் இழுவைக் கப்பல்கள் பல தேசங்களிலிருந்தும் வந்து குவிந்தன. 1968இல் வடபகுதிக் கொட் மீன் மட்டும் எட்டு இலட்சத்துப் பத்தாயிரம் தொன் அளவுக்கு அள்ளப்பட்டது. பத்தாண்டுகள் கழிந்த பொழுது அது ஒன்றரை இலட்சம் தொன்னுக்கும் குறைந்துவிட்டது.

1977இல் கனடா தன் கரையிலிருந்து இருநூறு கடல்மைல் வரையுள்ள கடலின் மீன்வளத்தைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அந்நியக் கப்பல்கள் அகன்றன. இனிக் கடல் எமது, மீனும் எமது என்று அத்தீவு மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் நடந்தது யாது? அந்நியன் அள்ளியதைத் தாமே அள்ளத் தலைப்பட்டனர். அரசாங்கம் கடன் கொடுத்தது, மானியம் கொடுத்தது. புதிய இழுவைக் கப்பல்கள் கட்டப்பட்டன. மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகள் கரைநெடுக எழுந்தன. கடலின்மீது உரிமை கிடைத்தமை வேறு, அவ்வுரிமையை ஆளத் தெரிந்தமை வேறு என்பதை, உரிமைக்காகக் குரல் கொடுக்கும் எந்த மக்களும் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

கனடா அரசாங்கம் கட்டுப்பாடின்றி அள்ளவிடவில்லை என்பதே இக்கதையின் உயிர்நாடி. ஒவ்வோராண்டும் இத்தனை தொன்தான் பிடிக்கலாம் என்று அளவு விதித்தது. பிடிக்கத்தக்க பருமனுடைய மீன்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பதே அந்த அளவின் அடிப்படை. உலகில் வேறெந்த நாட்டின் விதியோடு ஒப்பிட்டாலும் அது எச்சரிக்கையான விதி என்று அக்காலத்தில் மெச்சப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் அந்த அளவு இரண்டு இலட்சத்து அறுபத்தாறாயிரம் தொன்னாக இருந்தது. கப்பற் கம்பனிகள் தமக்குரிய பங்கைச் சட்டப்படியே எடுத்தன.

பிழை எங்கே நேர்ந்தது? கடலில் எத்தனை மீன் இருக்கின்றது என்ற கணக்கிலேயே நேர்ந்தது. தோட்டத்து வாழையை எண்ணுவதுபோல மீனை எண்ண முடியாது. ஆராய்ச்சிக் கப்பல் ஆங்காங்கே வலையிட்டுப் பார்த்த கணக்கையும், தொழிற் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மீன் பிடித்தன என்ற கணக்கையும் சேர்த்தே விஞ்ஞானிகள் கடலின் இருப்பை மதித்தனர். கொட் மீனோ மாரிகாலத்தில் முட்டையிடுவதற்காக ஆழ்கடலிலே பெருந்திரளாகக் கூடும் இயல்புடையது. மீன் தொகை குறையக் குறைய எஞ்சியவை முன்னிலும் நெருங்கித் திரண்டன. ஒலி அலை கொண்டு மீனைத் தேடும் கருவியுடைய கப்பல், திரள் இருக்கும் இடத்தை நேரே சென்றடைந்து, வலையை நிறைத்துக்கொண்டு வந்தது. பிடிபாடு குறையவில்லை, ஆதலின் மீனும் குறையவில்லை என்று கணக்கு எழுதப்பட்டது. ஐந்திலொரு பங்கு என்று எண்ணி எடுத்தது உண்மையில் அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட பங்காக இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. வலையில் அகப்பட்டுச் சிறியவை என்று கடலில் எறியப்பட்ட குஞ்சுகளோ, எந்த அளவிலும் எக்கணக்கிலும் முறையாக ஏறவில்லை.

கரையோரத்து வள்ளத்தாரின் பங்கு அக்காலத்தில் நிறையவில்லை என்பதை இங்கே குறித்தல் வேண்டும். மீன் கரைக்கு வரவில்லை, வரும் மீனும் ஆண்டுக்காண்டு சிறுத்து வருகின்றது என்று அவர்கள் 1980களில் முறையிட்டனர். ஆழ்கடற் கப்பலின் கணக்கேட்டை நம்பிய உத்தியோகத்தர் வள்ளக்காரனின் கண்ணை நம்பவில்லை. அது வெறும் கரைப்பேச்சு என்று ஒதுக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுக்கான அளவை ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் தொன்னாகக் குறைக்கவேண்டும் என்று விஞ்ஞானிகளே இறுதியில் கூறிய பொழுது, தொழிற்சாலைகள் மூடப்படுமே, வேலையின்மை பெருகுமே, வாக்குகள் போய்விடுமே என்ற அச்சத்தால் அரசாங்கம் இரண்டு இலட்சத்து முப்பத்தையாயிரம் தொன் என்று நிர்ணயித்தது. வேலையைக் காப்பாற்றுவதற்காகச் செய்த அந்தக் கருணை மூன்றே ஆண்டுகளில் எல்லா வேலையையும் விழுங்கிற்று. 1992 யூலை 2ஆம் நாள், கடற்றொழில் அமைச்சர் யோன் குறொஸ்பி வடபகுதிக் கொட் மீன்பிடியை முற்றாகத் தடைசெய்வதாக அறிவித்தார். ஆறு இலட்சம் பேரும் இல்லாத ஒரு மாகாணத்தில் முப்பதினாயிரம் பேர் ஒரே நாளிற் தொழிலிழந்தனர். முட்டையிடத்தக்க மீன் முன்னிருந்ததில் நூற்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கென்று அறிவித்த தடை முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2024 யூன் மாதத்திலேதான் அது நீக்கப்பட்டு, பதினெண்ணாயிரம் தொன் அளவுக்கு வணிக மீன்பிடி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவும் மீன் பெருகியதனால் மட்டுமன்று. ஆபத்து நிலை இது, எச்சரிக்கை நிலை இது என்று பிரித்துக் காட்டும் அளவுகோலை 2023இல் விஞ்ஞானிகள் திருத்தியமையும் அதற்குக் காரணம். ஆழ்கடற் கப்பல்களுக்கும் அதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்ட பொழுது கரையோரத் தொழிலாளரின் சங்கம் எதிர்த்துக் குரலெழுப்பிற்று. முப்பது ஆண்டு காத்திருந்தவர்கள் நாங்கள். முதலில் வலையெறிய மறுபடியும் அவர்களா வருவது என்று கேட்டனர். கேட்டதிற் பிழையென்ன?

நீர் குளிர்ந்தமையும் அவ்வழிவுக்குக் காரணம் என்பாருளர். கடல்நாய்கள் பெருகின என்பாருமுளர். இயற்கையின் பங்கை நாம் மறுக்கவில்லை. எனினும், எடுக்கத்தக்கது முழுவதையும் எடுத்துவிட்டு, இயற்கை ஓராண்டு முகஞ்சுளிப்பதற்கு இடமே வைக்காத கணக்கை யார் எழுதியது? அதை இயற்கை எழுதவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளும் நிலை இது: சட்டம் விதிக்கும் அளவு மேலெல்லையேயன்றி, எட்டியே தீரவேண்டிய இலக்கன்று. அது மனிதர் போட்ட கணக்கு. அக்கணக்கிற் பிழை இருக்கும். பிழை பெரும்பாலும் எடுப்பவனின் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஏனெனில் கணக்குப் போடும் மேசையைச் சுற்றி முதலாளி இருப்பார், ஏற்றுமதியாளர் இருப்பார், தேர்தலை நோக்கும் அமைச்சர் இருப்பார். பிறவாத மீனுக்காகவும் பிறவாத பிள்ளைக்காகவும் அங்கே எவரும் இரார். ஆதலின் தனக்குரியது என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதியைக் கடலில் விட்டுவைத்தல் தானமன்று. கணக்கிலுள்ள பிழைக்குக் கட்டும் ஈடு.

எமது விவசாயப் பெருமக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எவ்வளவு பசி வரினும் விதைநெல்லை அவிக்கும் குடும்பம் எமது ஊர்களில் இல்லை. விதைநெல் எவ்வளவு என்று விவசாயிக்குத் தெரியும். அது அவன் கொம்பறையில், அவன் கண்முன்னே இருக்கின்றது. கடற்றொழிலாளியின் விதைநெல்லோ நீருக்கடியில், பிறருடைய விதைநெல்லோடு கலந்து கிடக்கின்றது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கொட் மீனில் ஒரு பெருந்தாய் மீன் பல மில்லியன் முட்டை இடும். இளந்தாயின் முட்டை அதிற் சிறுபங்கே. நிறையைக் கொண்டு அளவு விதிக்கும் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே நிறுக்கின்றது. ஒரு தொன் கிழமீனும் ஒரு தொன் இளமீனும் கணக்கேட்டில் ஒன்று. கடலுக்கு அவை ஒன்றல்ல.

வலிகாமத்துத் தோட்டக்காரர் வேறொன்றையும் அறிவர். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்று விதி தேவைப்படவில்லை. மனிதனின் தோள் வலிமையே அளவாக இருந்தது. இயந்திரம் வந்தபின் தோள் இளைக்கவில்லை, கிணறு உவர்த்தது. தன் காணியில், தன் கிணற்றில், தன் பணத்தில் இறைப்பவனைத் தடுக்க விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஆயினும் சுண்ணாம்புக் கல்லின் கீழ் ஓடும் நீர் அயலவனுக்கும் உரியது என்பதை இன்று எவர் மறுப்பார்?

இனி, எதிர்வாதங்களையும் கேட்போம். பிடிக்கத்தக்க மீனைப் பிடியாது விடுதல் பசித்தவன் உணவைக் கடலில் எறிதலாகும் என்பது ஒரு வாதம். இதில் உண்மை உண்டு. உயிர் கொல்லாமை பற்றி நாம் இங்கே பேசவில்லை. வளம் நன்றாயிருக்கும் கடலில், கணக்கு நம்பத்தக்கதாயிருக்குமிடத்து, உரிய பங்கை முழுதாக எடுப்பவன் எத்தவறும் இழைக்கவில்லை. பேரு நாட்டின் நெத்தலி மீன்பிடியை நோக்குக. 1970ஆம் ஆண்டளவில் ஒரு கோடி தொன்னுக்கு மேல் அள்ளி, 1972இல் நீர் வெப்பமடைந்த ஆண்டிலே அது சரிந்தது. இன்று அந்நாடு பருவந்தோறும் கடலை ஆராய்ந்தே அளவு கூறுகின்றது. 2023இல் குஞ்சு மீன் மிகுந்திருக்கக் கண்டு ஆண்டின் முதற் பருவத்தையே கைவிட்டது. எடுக்கும் ஆண்டில் எடுப்பதும் விடும் ஆண்டில் விடுவதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள்.

'நான் விட்டால் அடுத்தவன் அள்ளுவான்' என்பது இரண்டாவது வாதம். இதுவே வலிய வாதம். இதற்கு நீதிநூலிலிருந்து விடை கூறித் தப்பிக்கொள்ள நாம் விரும்பவில்லை. ஒருவன் மட்டும் விட்டுவைப்பதால் மீன் பெருகாது. அவன் வீட்டு அடுப்புத்தான் அணையும். விட்டுவைத்தல் கூடிச் செய்யும் பொழுதே பயன் தரும். கூடிச் செய்ய வேண்டுமாயின், விட்டது விட்டவனுக்கே பின்னர் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தராமல் ஏழைத் தொழிலாளியிடம் கடல்வளம் பற்றி உபதேசம் செய்பவர்கள், உண்டு முடித்தபின் உண்ணாநோன்பின் பெருமை பேசுபவர்களை ஒப்பர்.

இவ்விடத்தில் எமது கடலுக்கு வருவோம். மன்னார்க் கடலின் முத்துச் சலாபத்தை அறியாதார் இலர். அங்கே பண்டுதொட்டு ஒரு வழக்கம் இருந்தது. குளிப்புக்கு நாள் குறிக்குமுன் பார்களைச் சோதிப்பர். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, முதிர்ச்சியையும் முத்தின் மதிப்பையும் கணித்து, முதிராவிடின் அவ்வாண்டு குளிப்பில்லை என்பர். ஆண்டு பலவாக ஒருமுறையும் குளிக்காது விட்டதுமுண்டு. 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டுப் பெரும் வருவாய் கிடைத்தது. உடனே பிரித்தானிய அரசாங்கம் அந்தச் சலாபத்தை ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்கு லண்டன் கம்பனியொன்றுக்குக் குத்தகையாகக் கொடுத்தது. பணம் ஆண்டுதோறும் கட்டவேண்டும். சிப்பி ஆண்டுதோறும் முதிருமா? 1907க்குப் பின் பார்கள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. காலம் முடியுமுன்னரே கம்பனி கைவிட்டுச் சென்றது. குளித்ததனால் மட்டுமே சிப்பி அழிந்தது என்று நாம் கூறவில்லை. மணல் மூடியும், திருக்கை தின்றும் பார்கள் அழிவதுண்டு. ஆனால் பார்த்துக் குளித்தல் என்ற பழைய முறைக்கும், கட்டிய பணத்துக்குக் குளித்தல் என்ற புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு எமது கரையிலேயே காட்டப்பட்டுவிட்டது.

இன்றைய பாக்குநீரிணையின் நிலை யாவரும் அறிந்தது. 1983 தொடக்கம் 2009 வரையான போர்க்காலத்தில் வடபுலத்துத் தொழிலாளி பாஸ் இன்றிக் கடலுக்குப் போக முடியவில்லை. போன வேளையிலும் தூரத்துக்குத் தடை, இயந்திர வலுவுக்குத் தடை. அவன் கரையில் இருந்த காலத்திலே அக்கரை இழுவைப் படகுகள் பெருகின. போர் ஓய்ந்து அவன் வள்ளத்தைத் தள்ளிய பொழுது, கிழமைக்கு மூன்று நாள் அவனுக்குக் கடல் இல்லை என்றாயிற்று. இழுவைப் படகு வரும் இரவிலே வலை விரித்தால் காலையில் வலை இராது; கடனுக்கு வாங்கிய வலை போனபின் கடன் மட்டும் இருக்கும். 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலில் கோடு கிழித்தன. ஆழங் குறைந்த அக்கடலின் அடித்தரையைச் சுரண்டி, பாசியையும் பவளத்தையும் குஞ்சையும் ஒருங்கே வாரும் மடிக்கு அக்கோடு தெரியாது.

தமிழ்நாட்டில் ஏப்பிரில் 15 தொடக்கம் யூன் 14 வரை அறுபத்தொரு நாள் இழுவைப் படகுகளுக்கு ஓய்வு விதிக்கப்பட்டிருக்கின்றது. மீன் முட்டையிடும் காலம் என்பது அதன் காரணம், நல்ல ஏற்பாடு. ஆயினும் அறுபத்தொரு நாள் வளர்ந்ததை அறுபத்திரண்டாம் நாள் விடியலில் ஆயிரக்கணக்கான படகுகள் ஒருங்கே சென்று வாருமாயின், ஓய்வு கடலுக்கா, படகுக்கா? இழுவைப் படகுகளில் இரண்டாயிரத்தை ஆழ்கடற் சூரை மீன்பிடிக்கு மாற்றுவதாக 2017இல் இந்தியா வகுத்த திட்டத்திற் சிறுபங்கே நிறைவேறியது. அப்படகுகளில் கூலிக்குச் செல்பவனும் எமது மொழி பேசும் ஏழை உழைப்பாளியே. அவன் சிறையிலிருப்பதிலோ உயிர் இழப்பதிலோ நமக்கு மகிழ்ச்சி இல்லை. படகின் சொந்தக்காரர் கரையில் இருக்கின்றார். அவருக்குச் சிறையுமில்லை, கடலுமில்லை.

இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் 11ஆம் இலக்கச் சட்டத்தினால் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. அந்தத் தடை அக்கரையார்க்கு மட்டும் உரியதன்று. எமது கரையிலும் இழுவைமடி உண்டு. அதை இழுப்போரும் எமது அயலவரே. அக்கரைப் படகுக்கு எதிராக முழங்கிவிட்டு இக்கரைப் படகைக் கண்டும் காணாது விடும் அரசியல்வாதியின் சொல்லுக்கு இராமேசுவரத்தில் மட்டுமன்று, எமது கரையிலும் மதிப்பிராது. சிங்க இறால் பிடிப்பதற்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் தடை உண்டு. சினை தாங்கிய இறாலைப் பிடித்தல் எக்காலத்தும் குற்றம். சங்கிலே எழுபது மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுடையதை எடுக்கலாகாது. இந்தியா 2001இல் கடலட்டை பிடித்தலை முழுவதும் தடுத்துவிட்டது. இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்தோடு நடக்கின்றது. அனுமதிப்பத்திரம் என்றாலே மேலே கூறிய கனடாக் கதை நினைவுக்கு வரவேண்டும். பத்திரத்தில் எழுதியதை எடுத்தேன் என்பவன், பத்திரத்தை எழுதியவன் கடலடியைப் பார்த்து எழுதினானா என்றும் கேட்டல் வேண்டும்.

எமது வள்ளக்காரனுக்கு இன்ன கிலோ என்று அளவு விதிக்கும் முறை இந்நாட்டிற் பெரும்பாலும் இல்லை. கண்ணியளவு, பருமன், பருவம் என்பனவே அவனுக்குள்ள எல்லைகள். அவ்வெல்லைகளைக் காப்பதற்குப் பொலிஸும் கடற்படையும் மட்டும் போதா. தடை மாதத்தில் விருந்துக்குச் சிங்க இறால் கேட்கும் டாக்டரும், எஞ்சினியரும், வழக்கறிஞரும் அக்குற்றத்தில் முதற் பங்காளிகள். வாங்குபவன் இல்லாத சரக்கை எவனும் இரவில் குளித்து எடுக்கமாட்டான். படித்த வர்க்கத்தினர் கடற்றொழிலாளியின் அறியாமை பற்றி ஆங்கிலத்திற் கட்டுரை எழுதுவதை ஒரு பருவத்துக்கு நிறுத்திவைத்து, தம் வீட்டுச் சட்டியிற் கிடப்பது எம்மாதத்து இறால் என்று பார்ப்பாராக.

வடபுலத்தின் பலம் அதன் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள். எந்தத் துறையில் எவர் எவ்வலை இடலாம், எந்நாள் கடலுக்குப் போகலாகாது என்பவற்றை எழுதாச் சட்டமாக அவை நெடுங்காலம் நடத்தி வந்தன. ஒவ்வோர் இறங்குதுறையிலும் அன்றன்று கரைசேரும் மீனின் இனத்தையும் பருமனையும் நிறையையும் அச்சங்கங்களே பதிந்து, மாதந்தோறும் பலரறிய வெளியிடுதல் வேண்டும். நியூபவுண்ட்லாந்து வள்ளக்காரன் மீன் சிறுத்துவிட்டது என்று கூறிய பொழுது அவன் கையில் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஏடு வைத்திருந்தவன் கம்பனிக்காரன். எமது தொழிலாளியின் கையில் அந்த ஏடு இருக்குமாயின், கொழும்பிலோ டில்லியிலோ அளவு பேசும் மேசையில் அவன் சொல்லையும் நிறுத்துப் பார்க்கவேண்டிய கட்டாயம் உண்டாகும்.

அரசாங்கம் நாளை வடகடலுக்கு அளவு விதிக்க முற்படுமாயின், அதை எதிர்க்கவேண்டும் என்று நாம் கூறமாட்டோம். அளவு வேண்டும், விதித்த அளவுக்கும் கீழே நிற்கும் மனமும் வேண்டும். ஆனால் குறைப்பு எவரிடமிருந்து தொடங்குகின்றது என்பது முதலில் எழுதப்படல் வேண்டும். அடித்தரையைச் சுரண்டும் மடி, அது எக்கரையதாயினும், முற்றாக நின்ற பின்னரே சிறுவலைக்காரனின் கண்ணியையும் நாளையும் குறைக்கக் கேட்கலாம். அவன் குறைத்ததனால் பெருகும் மீனில் அவனுக்கே முதற் பங்கு என்பதும் அதே தாளில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் எழுதப்படாத எந்தத் திட்டத்துக்கும் எமது சங்கங்கள் கையொப்பமிடவேண்டியதில்லை.